ஹபீலோடு சேர்ந்து வந்தது

எண்ணிக்கையில் இரண்டு கூடியிருந்தது.

நேற்றுப் பின்னேரம் ஜஹானா பார்த்தபோது கம்பியூட்டரில் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்று பெக்கேஜ்கள் இருந்தன. இன்று பதினைந்து. இடையில் அவள் எதையும் போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் விடாமல் பெய்த மழையில் எங்கோ ஒரு மரம் கம்பியோடு சரிந்து, மூன்று நாளாக இன்டர்நெட்டே இல்லை. வாசலால் யாரும் வராமல் வீட்டுக்குள் இரண்டு பேர் கூடிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. இருந்தாலும் தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். நான்கு மாதமாகச் சரியாக உறங்காதவள் ஒரு எண்ணைப் பிழையாகப் பார்ப்பது பெரிய காரியமா என்ன?

பெக்கேஜ் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பியூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டால் அது தனியாக வராது. கலியாண வீட்டுக்கு ஒருவரைச் சொன்னால் நான்கு பேர் சேர்ந்து வருவதுபோல, தனக்கு வேண்டிய பத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நாம் கேட்டுப் போட்டது எது, அதற்காகத் தானாக வந்தது எது என்று கம்பியூட்டர் ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்திருக்கும். கேட்டுப் போட்டதை எடுத்துவிட்டால், அதற்காக வந்ததெல்லாம் 'இனித் தேவையில்லை' என்ற பட்டியலில் விழும், அதை ஒரே கட்டளையில் துடைத்துவிடலாம். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஹபீல். இந்தப் பின் அறையில் இருந்துகொண்டுதான் பாதிக் கண்டியின் கம்பியூட்டர்களைத் திருத்தினான். சோறு போட்டு வைத்துவிட்டு மூன்று முறை கூப்பிட்டாலும் எழும்ப மாட்டான், நான்காவது முறை கூப்பிட்டால் அவளையும் பக்கத்தில் இருத்திப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவான். ஒரு மத்தியானம் நெஞ்சு நோவுகிறது என்றான். வாகனம் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு அவள் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஜஹானாவுக்கு அது ஒரு போர்வை மாதிரி இருந்தது, யாரும் எங்கும் இழுக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. நாளை காலையோடு அது முடிகிறது, ஒன்பது மணிக்கு ஹபீலின் மூத்த சகோதரி மஸாஹிரா மதினி வந்து அவளை வெளியே கூட்டிப்போவாள். திங்கட்கிழமை பேராதனையில் ஒரு ஆய்வுகூடத்தில் அறிக்கை தட்டச்சு செய்யும் வேலை. முப்பத்தாறு வயதில் அவள் தானே எழுதிப்போட்டுத் தனக்கென்று வாங்கிய முதல் காரியம் அதுதான். அவர்கள் பென் டிரைவில் கொடுத்தனுப்பிய மென்பொருளைப் போட்டுப் பழகிப் பார்க்கலாம் என்றால் கம்பியூட்டரில் இடமில்லை. தேவையில்லாதவற்றைத் துடைக்கலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தாள்.

வெளியே மழை. நேரம் மூன்று மணிதான், ஆனால் மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டுக்குள் மாலைபோல் இருட்டியிருந்தது. கீழே மகாவலி பெருகி ஓடும் இரைச்சல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அறையில் ஈயம் உருக்கிய மணமும் பழைய தூசியின் மணமும் இன்னும் போகவில்லை. அவள் புதிதாக வந்த இரண்டையும் தேடி எடுத்தாள்.

ஒன்றின் பெயர் ஹபீல். மற்றதன் பெயர் ஜஹானா.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனுசன் இப்படி ஏதாவது விளையாட்டுச் செய்து வைத்திருப்பான், செய்யக்கூடியவன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு விவரத்தைத் திறந்தாள். திரையில் ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இவ்வளவுதான்.

ஹபீல். கேட்டுப் போடப்பட்டது.

ஜஹானா. தானாக வந்தது. ஹபீலுக்காக.

இரண்டுக்கும் ஒரே திகதி, ஒரே நேரம். அவன் இறந்த அன்று, பின்னேரம் மூன்று இருபது. அந்த நேரம் அவனுடைய மையித்து ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இந்த அறை பூட்டியிருந்தது. சாவி அவளுடைய கையில் இருந்தது, உள்ளங்கையில் அச்சு விழும் அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்திருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அளவு என்ற இடத்தில் ஹபீலுக்கு ஐம்பத்தொன்று என்றும் அவளுக்கு நாற்பது என்றும் இருந்தது. மூடிவிட்டுத் திறந்தாள். ஐம்பத்திரண்டு, முப்பத்தொன்பது.

கதிரையைப் பின்னே தள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் ஒரு விசயம் தலைக்குள் வந்து நின்றது, இத்தனை நாளும் அவள் அதை யோசிக்கவே இல்லை. முதல் மாதம், மஸாஹிரா மதினியை வழியனுப்பக் கேட் வரைக்கும் நடந்துபோனாள், மூச்சு முட்டியது. அழுகை என்று நினைத்தாள். இரண்டாம் மாதம் உடுப்புக் காயப்போடும் கொடி வரை போனாலே அப்படி ஆயிற்று. சாப்பிடாததால் வந்த பலவீனம் என்றாள் மதினி. மூன்றாம் மாதத்திலிருந்து கொடி வரைக்கும்கூட அவள் போகவில்லை, மதினிதான் வந்து உடுப்பை எடுத்து மடித்துக்கொடுத்தாள். இத்தா இருக்கும் பெண் வெளியில் வராததை யார் கவனிப்பார்கள்? அவளே கவனிக்கவில்லையே.

மண்டபத்தைக் கடந்து முன்கதவைத் திறந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. விறாந்தையில் ஒரு அடி வைத்தாள், ஒன்றும் இல்லை. இரண்டாவது அடியில் நெஞ்சுக்குள் யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் மூச்சு நின்றது. குறைந்து வந்து நிற்கவில்லை, ஒரேயடியாக நின்றது. வாய் திறந்திருந்தது, மழை மணக்கவில்லை, காது அடைத்துக்கொண்டது. பின்னோக்கி விழுந்து வாசற்படியைக் கையால் தொட்டதும் மூச்சு வந்தது. அவள் அங்கேயே கிடந்து இருமினாள். பயம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. நாளைக்கு ஒன்பது மணிக்கு அவளால் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது, மதினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் கேட்டடியில் செத்துப்போவாள்.

மதினிக்கு போன் எடுத்தாள். ஹபீலுக்கு அவள் சகோதரி மட்டும் இல்லை. உம்மா இல்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்தவள். இரவில் வந்து ஜஹானாவோடு படுப்பவள், இன்று மகளின் பிரசவத்துக்காகப் பேராதனை ஆஸ்பத்திரியில் நின்றாள்.

"என்ன புள்ள, கொரல் ஒரு மாதிரி ஈக்கு?"

"மதினி, இன்டைக்கே வர ஏலாதா?"

"எப்பிடி வார? இவளுக்கு வலி கண்டு உள்ளுக்கு எடுத்திட்டாங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு த்ரீவீல் ஒண்டு புடிச்சிட்டு வாறேன். ஒரு ராவுதானே."

"அவர்ட கம்பியூட்டர்ல ஏதோ..."

மறுபக்கம் யாரோ ஒரு தாதி சிங்களத்தில் கத்துவது கேட்டது.

"அத என்னத்துக்குப் புள்ள நோண்டுற? தம்பிட கை பட்ட சாமான். அவன்ட ஒண்டையும் அழிச்சிராத."

போனை வைத்துவிட்டு ஜஹானா பின் அறைக்குத் திரும்பினாள். வாய் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு வரி தவறித் தவறி மறுபடி முதலிலிருந்து ஓதினாள். திரை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. ஐம்பத்தைந்து, முப்பத்தாறு.

அவள் ஒரு டெக்னீசியனின் மனைவி. பயந்தாலும் கை வேலையை மறக்கவில்லை. எதையும் எடுக்குமுன் ஒத்திகை பார்க்கலாம், எடுத்தால் என்னவாகும் என்று கம்பியூட்டர் சொல்லும், ஆனால் எடுக்காது. ஹபீலை எடுத்தால்?

ஹபீல் நீக்கப்படும். பின்வருவது இனித் தேவையில்லை: ஜஹானா.

அதைப் பலமுறை படித்தாள். கோபம் வந்தது, பயத்தைவிடப் பெரிய கோபம். பதினெட்டு வருசம் அவனுக்குச் சமைத்தேன், அவனுடைய பெயரைச் சொல்லித்தான் என்னை ஊர் கூப்பிட்டது, அவனுக்காக வந்தவள் என்பது பொய்யில்லை. அதற்காக அவன் போனால் நானும் தேவையில்லையா?

அந்தக் கோபத்தில்தான் வழி தெரிந்தது. தானாக வந்ததை, கேட்டுப் போட்டதாக மாற்றிக் குறிக்க ஒரு கட்டளை உண்டு. அப்படிக் குறித்துவிட்டால் அதை யாரும் தேவையில்லை என்று சொல்ல முடியாது, தனக்காகவே அது இருக்கலாம். தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். என்டரை அழுத்தினாள்.

ஜஹானா. கேட்டுப் போடப்பட்டது.

எங்கோ கட்டியிருந்த கயிறு அறுந்ததுபோல் இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். விறாந்தையில் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று. மூச்சு வந்தது, கஷ்டப்பட்டு, பழந்துணிக்குள்ளால் இழுப்பதுபோல், ஆனால் வந்தது. நான்காவது அடியில் திணறியது. ஆக, பாதிதான் அறுந்திருக்கிறது. அவன் இருக்கும்வரை மீதி அறாது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள். சந்தோசமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுபடி ஒத்திகை. ஹபீல் நீக்கப்படும். வேறொன்றும் இல்லை.

நிஜமாக எடுக்கும் கட்டளையை அடித்தபோது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சிக்கோங்க" என்றாள். அழுத்தினாள்.

திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டது. பத்து வீதம். இருபது. ஓட்டின்மேல் மழையின் சத்தம் குறைந்தது, ஆற்றின் சத்தம் தூரப்போனது, வீடு முழுக்க ஏதோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் ஆயிற்று. முப்பத்தைந்து. மண்டபத்தில் பிரம்புக் கதிரை கிரீச்சிட்டது, பாரமான ஒருவர் எழுந்தால் கிரீச்சிடுமே, அப்படி. அவள் திரும்பவில்லை. நாற்பத்திரண்டு. அவனுடைய மணம் வந்தது. அத்தரும் வியர்வையும் கலந்த, தலையணை உறையிலிருந்துகூட எப்போதோ போய்விட்ட மணம். நாற்பத்தெட்டு.

"ஜஹா."

அவனுடைய குரல்தான். கதவுக்கு அந்தப் பக்கம்.

"நோவுது ஜஹா. நோவுது."

அன்றைக்கு வாகனத்தில் அவளுடைய மடியில் தலையை வைத்துக்கொண்டு அவன் சொன்னதும் இதையேதான். அன்று அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று முடியும். இந்த நினைப்பு வந்ததா, அல்லது கை முந்திக்கொண்டதா, பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. குனிந்தாள். சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினாள்.

திரை கறுத்தது.

நடுவில் கரண்டை நிறுத்தக்கூடாது என்பது கட்டுகஸ்தோட்டையில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அப்படி நின்றுபோன கம்பியூட்டர்களை ஆட்கள் பையில் போட்டுக்கொண்டு இந்த அறைக்குத்தான் வருவார்கள். முழுதாகச் செத்திருந்தாலும் பரவாயில்லை, இது இருக்கவும் மாட்டாது போகவும் மாட்டாது என்று ஹபீல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எல்லாம் தெரிந்த பெண்தான். ஆனால் பிடுங்கிவிட்டாள். பதினெட்டு வருசத்துப் பாசம் பாடம் எதையும் கேட்கவில்லை.

இருட்டில் நின்றாள். அவனுடைய குரல் வரவில்லை.

பிறகு மண்டபத்தில் ஒரு அடி விழுந்தது. ஒரு பாதம்.

அடுத்த பாதம் விழவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ இழுபட்டது. மறுபடி ஒரு அடி. மறுபடி இழுபடும் சத்தம். அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவள் போனின் வெளிச்சத்தைக் கதவின் கீழே பிடித்தாள். இடுக்கில் ஒரு பாதத்தின் விரல்கள் தெரிந்தன. இடது பாதம். அதன் பக்கத்தில் எதுவும் இல்லை.

அவள் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். வயரைத் திரும்பக் குத்தினாள். இனி ஒரே வழிதான் உண்டு, தொடங்கியதை முடிப்பது. கம்பியூட்டர் இருமி இருமி எழும்பியது. எடுக்கும் கட்டளையை அடித்தாள்.

ஹபீல் பாதி நீக்கப்பட்டுள்ளது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். குறைவதை ஜஹானாவிலிருந்து எடுக்கலாமா?

இல்லை என்று அடித்தாள்.

வேறு கட்டளை. அதே கேள்வி. இல்லை. தன் பெயரை எடுத்துவிடப் பார்த்தாள், அதற்கும் அதே கேள்வி. எதைக் கேட்டாலும் அந்த ஒரு கேள்விதான் வந்தது, எல்லாப் பாதையும் அந்த ஒரு கதவில் போய் முட்டியது. இல்லை. இல்லை. வெளியே பாதம் அசையவில்லை. காத்துக்கொண்டிருந்தது. ஹபீல் எப்போதுமே பொறுமைசாலி.

எத்தனை முறை இல்லை என்றாள் என்று தெரியாது. எப்போதோ வலக்கை மரத்துப்போனது. உதறினாள். உதறவில்லை. உதற நினைத்தாள், கை அசையவில்லை. பிறகு, அவள் நினைக்காமலே, அசைந்தது.

இடக்கையால் அதைப் பிடித்தாள். அது பலமாக இருந்தது. அவளுடைய கைதான், அவளுடைய மச்சம்தான். ஒரு விரலை நீட்டியது.

"வேணாம்" என்றாள். வாயின் ஒரு பக்கம்தான் அதைச் சொன்னது.

விரல் ஆம் என்பதை அழுத்தியது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஜஹானா பின் அறையின் தரையில், ஜன்னலடியில் கிடந்தாள். நோவு இல்லை. வலப்பக்கம் என்று ஒன்று இல்லை, அவ்வளவுதான். இரத்தமும் இல்லை, காயமும் இல்லை. கைலேஞ்சித் துணியை மடித்துப் பாதியை உள்ளே வைத்ததுபோல், அந்தப் பக்கம் அவள் தொடங்கவே இல்லை. இடக்கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். அதற்கே வெகு நேரம் சென்றது.

முன் பக்கம் த்ரீவீல் வந்து நிற்கும் சத்தம். மதினியின் செருப்புச் சத்தம்.

"புள்ள! ரெடியா?"

"ஓ மதினி, வாங்க" என்றது மண்டபத்தில் அவளுடைய குரல். அவளுடையதும், அதற்கு அடியில் இன்னொன்றும்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். பாதி நாக்கில் ஒரு காற்று மட்டும் போனது.

வீட்டின் பக்கமாக வளைந்து கேட் வரை போகும் பாதை ஜன்னலால் தெரிந்தது. அவளுடைய கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு அது நிமிர்ந்து நடந்துபோனது. வேலைக்கென்று வாங்கிய புதுக் கைப்பை தோளில். விறாந்தையைத் தாண்டி, கொடியைத் தாண்டி, ஒரு திணறலும் இல்லாமல். தலையில் போட்ட ஷோலை முகத்தின் இடப்பக்கம் இழுத்து மூடியிருந்தது. மதினி பக்கத்தில் நடந்து, மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டடியில் நின்று, கொஞ்சுவதற்காக அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஷோலை விலக்கினாள்.

அப்படியே நின்றாள்.

மதினியின் கை அந்தக் கன்னத்தில் இருந்தது. நான்கு நாள் மழிக்காத தாடி அந்தக் கன்னத்தில். பெருவிரல் அதைத் தடவியது, ஒருமுறை, இரண்டுமுறை. இப்போது கத்துவாள். ஜஹானா இடக்கையால் கண்ணாடியைத் தட்டினாள், பலமாக, விரல் எலும்பு நோகும்வரை தட்டினாள்.

"தம்பி" என்றாள் மதினி.

பிறகு அழுதாள். நான்கு மாதமும் அழாத அழுகை. அந்த முகத்தை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையைத் தடவி, நெற்றியில் முத்தமிட்டாள். கையைப் பிடித்து மெல்ல த்ரீவீலில் ஏற்றினாள். ஷோலை இடப்பக்கம் மறுபடி இழுத்துவிட்டாள்.

தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை. திரும்பி, வீட்டின் பக்கமாக நேராக ஜன்னலைப் பார்த்தாள். ஜஹானாவின் ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டைச் சாத்தி, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டைப் போட்டு, பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.